ஆற்றில் போட்டாலும் எழுதிப் போடு!

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். காவேரிக் கரையில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பழமொழி இன்னும் நன்றாகவே பொருந்தும். போடுவதற்கு ஆறு பக்கத்திலேயே இருக்கிறது அல்லவா? இப்போது சர்க்கார் அந்தப் பழமொழியில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றியிருக்கிறார்கள். அளந்து போட்டால் மட்டும் போதாது, எழுதிப் போடு என்கிறார்கள்.

எதைப் பற்றிப் பேச்சு என்று கேட்கிறீர்களா? சம்பளத்தைப் பற்றித்தான். கூலியைப் பற்றித்தான். ஒருவர் உழைக்க, இன்னொருவர் அதற்குப் பணம் கொடுக்கும் சமாசாரம் முழுவதையும் பற்றித்தான்.

திருச்சியிலிருந்து காவேரியின் வடகரையோடு மேற்கே போனால், முசிறிக்கு அப்பால் தொட்டியம் வருகிறது. மதுரகாளியம்மன் கோயில் கொண்ட ஊர். சாலையின் இரு மருங்கிலும் வாழைத் தோட்டம். பூவனும் ரஸ்தாளியும் தார் தாராக லாரி ஏறிப் போகின்றன. கன்று நட ஆள் வேண்டும். களை எடுக்க ஆள் வேண்டும். சருகு உரிக்க, முட்டுக் கொடுக்க, தார் வெட்ட, தலைச்சுமையாய்ச் சாலைக்குக் கொண்டுவர, லாரியில் அடுக்க, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இந்த ஆள் கணக்கு பெரும்பாலும் எங்கே இருக்கிறது தெரியுமா? முதலாளியின் தலைக்குள்ளே!

"நாளைக்கு ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு வா" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் ஆறு பேர் வந்து நிற்கிறார்கள். நடுவில் அவசரம் என்றால் ஐந்நூறு, ஆயிரம் கைமாற்று. தீபாவளிக்கு வேட்டி, புடவை. மகள் கல்யாணத்துக்கு முன்பணம். பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று கேட்டால், "அதெல்லாம் எனக்குத் தெரியாதா, உனக்குத்தான் தெரியாதா?" என்ற பதில் வரும்.

நம்பிக்கையின் பேரில் நடக்கும் இந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதே நம்பிக்கையின் பேரில்தான் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருக்கின்றன. ஆனால் சட்டம் மாறிவிட்டது, வாசகர்களே! அந்த மாறுதலை முதலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். இருவர் வீட்டுப் பெண்மணிகளும் தெரிந்துகொண்டால் இன்னும் விசேஷம்.

இருபத்தொன்பது நான்கானது

2025 நவம்பர் 21ஆம் தேதியிலிருந்து இந்திய நாட்டில் தொழிலாளர் சம்பந்தமான 29 மத்தியச் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. முதலாவது, 2019ஆம் வருஷத்து ஊதியத் தொகுப்பு. மற்ற மூன்றும் 2020ஆம் வருஷத்தவை: தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பும் சுகாதாரமும். பார்லிமெண்டில் நிறைவேறிப் பெட்டியில் ஐந்தாறு வருஷம் உறங்கிவிட்டு, ஒரே நாளில் நான்கும் எழுந்து உட்கார்ந்துவிட்டன.

ஊதியத் தொகுப்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1965ஆம் வருஷத்து போனஸ் சட்டம், 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கும் அதற்குள்ளே அடக்கம்.

"நமக்கு ஏன் இந்தத் தலைவலி? நம்மிடம் இருப்பது இரண்டே ஆட்கள்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஊதியத் தொகுப்புக்கு ஆள் எண்ணிக்கை கிடையாது. ஒரே ஒரு சிப்பந்தி வைத்திருந்தாலும் அது பொருந்தும்.

அது சொல்லுகிற முக்கியமான விஷயங்கள் இவை. தினக் கூலி என்றால் அன்றைய வேலை முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும். வாரக் கூலி என்றால் வார விடுமுறைக்கு முன், கடைசி வேலை நாளில். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையை விட்டுப் போகிறவனுக்கு, அவனாகப் போனாலும் சரி, நாம் அனுப்பினாலும் சரி, இரண்டு வேலை நாளைக்குள் பாக்கி முழுவதும் தீர்க்க வேண்டும். "அடுத்த மாசம் வந்து பார்" என்று சொல்லுகிற காலம் போய்விட்டது. மிகை நேர வேலைக்கு இரட்டைக் கூலி.

ஆண், பெண் பேதமும் கூடாது. ஒரே வேலையை, அல்லது ஒத்த வேலையை இருவரும் செய்தால் ஒரே கூலிதான். தார் சுமக்கிறவருக்கும் களை எடுக்கிறவருக்கும் வேலை வேறு, கூலி வேறு என்று சொல்லலாம். ஒரே பாத்தியில் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து களை எடுக்கிற ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று மட்டும் சொல்லக் கூடாது.

ஒரு பயத்தையும் இங்கேயே போக்கிவிடுவோம். "இனிமேல் ரொக்கமாகக் கூலி கொடுத்தால் குற்றமாமே!" என்ற பேச்சு காதில் விழுகிறது. ரொக்கம், செக்கு, பாங்கிக் கணக்கு, செல்போன் வழி என்று எல்லாவற்றையும் சட்டம் ஒப்புக்கொள்கிறது. சில தொழில்களுக்கு மட்டும் செக்கு அல்லது பாங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் தனியாக அறிவிக்கலாம். அப்படி அறிவிக்காத வரையில் ரொக்கம் கொடுப்பதில் தவறில்லை. எழுதாமல் கொடுப்பதில்தான் ஆபத்து.

யார் நிரூபிப்பது?

அந்த ஆபத்து என்ன என்று பார்ப்போம். ஒரு வாழைக்காய் மண்டிக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தங்கமான மனுஷர். ஒரு நாளும் யார் கூலியையும் நிறுத்தியவர் அல்ல. அவரிடம் எட்டு வருஷமாக லாரி ஏற்றும் ஆள் ஒருவர். ஒரு நாள் வார்த்தை தடித்துவிடுகிறது. ஆள் கோபித்துக்கொண்டு போய், "எனக்கு மூன்று மாதக் கூலி பாக்கி" என்று மனுக் கொடுத்துவிடுகிறார்.

"பொய்! அத்தனையும் கொடுத்துவிட்டேன். சாமி சாட்சி!" என்கிறார் மண்டிக்காரர்.

சாமி சாட்சி சொல்ல வராது, பாருங்கள். பொதுவாக, புகார் சொல்லுகிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த நியாயம். ஊதியத் தொகுப்பில் அந்த நியாயம் தலைகீழாக நிற்கிறது. கூலி வரவில்லை, குறைத்துக் கொடுத்தார்கள், அநியாயமாகப் பிடித்தம் செய்தார்கள் என்று ஒருவர் மனுப் போட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்கிற பாரம் முதலாளியின் தலைமேல்!

அது மட்டுமா? 1948ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் மனுப் போட ஆறு மாதம்தான் தவணை. 1936ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஒரு வருஷம். இப்போதோ மூன்று வருஷம் வரை போடலாம். மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எந்த மகா மேதாவிக்கு ஞாபகம் இருக்கும்? தீர்ப்பு பாதகமானால் பாக்கியைத் தருவதோடு தொகை முடியாது. அதற்கு மேல், பாக்கியைப் போல் பத்து மடங்கு வரை நஷ்ட ஈடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கூலியைக் குறைத்துக் கொடுத்த குற்றத்துக்கு முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து வருஷத்துக்குள் அதே குற்றம் மறுபடியும் செய்தால் 1 லட்சம் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே, நேர்மையாகக் கூலி கொடுத்துவிட்டு எழுதி வைக்காதவரும், கொடுக்காமலே ஏமாற்றியவரும் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நல்ல முதலாளிக்கு இதைவிட என்ன அநீதி வேண்டும்? அந்த அநீதியிலிருந்து அவரைக் காப்பாற்ற வக்கீல் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

தொழிலாளியும் ரொம்பச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கூலி கொடுத்ததை முதலாளி நிரூபிக்க வேண்டியதுதான். ஆனால், "இவர் என் ஆளே இல்லை, இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை" என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டால்? அங்கே வேலை செய்தேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது கையில் இருக்க வேண்டாமா? எட்டு வருஷம் உழைத்தவருக்கு அந்த எட்டு வருஷத்துக்கு அத்தாட்சியே இல்லையென்றால், சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பிரயோசனம்?

ஐந்து பேர் வரையில்

"தோட்டத்தில் இரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிற ஏழை விவசாயி கூட ரிஜிஸ்டர் எழுத வேண்டுமா?" என்று ஒரு கேள்வி எழும். சட்டம் எழுதியவர்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. விவசாயத்துக்கோ வீட்டு வேலைக்கோ ஐந்து பேருக்கு மிகாமல் ஆள் வைத்திருப்பவர் பதிவேடு, அறிவிப்புப் பலகை, சம்பளச் சீட்டு ஆகியவை வைக்க வேண்டியதில்லை என்று விலக்கு அளித்திருக்கிறார்கள்.

ஆனால் விலக்குக்கு ஒரு வாலும் இருக்கிறது. அதிகாரி வந்து கேட்டால், கூலி கொடுத்ததற்கு நியாயமான அத்தாட்சி காட்ட வேண்டும்! நியாயமான அத்தாட்சி என்றால் என்ன? தேதி, பெயர், தொகை, கையெழுத்து. சுற்றிச் சுற்றி அதே நோட்டுப் புத்தகத்துக்குத்தான் வருகிறோம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் அம்மணிகளும் பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே இதையும் குறித்து வைக்கலாம்.

ஐந்து பேருக்கு மேல் போனாலோ, விவசாயம் அல்லாத கடை, மண்டி, ஆலை என்றாலோ இந்த விலக்கு இல்லை. அங்கெல்லாம் பதிவேடு உண்டு. ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டும் உண்டு. பதிவேடு கம்ப்யூட்டரில் இருந்தாலும் சரி, காகிதத்தில் இருந்தாலும் சரி.

கல்லில் வெட்டிய உத்தரவு

பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு இன்னொரு கடமை இருக்கிறது. ஒவ்வொரு சிப்பந்திக்கும் வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவருக்குச் சேரும்போதே. முன்பிருந்தே வேலை செய்து, கடிதம் வாங்காதவர்களுக்குச் சட்டம் அமலுக்கு வந்த மூன்று மாதத்துக்குள். அந்தத் தவணை 2026 பிப்ரவரியோடு முடிந்தது. இன்னும் கொடுக்காதவர்கள் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நியமனக் கடிதம் என்றதும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆபீஸ் வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் சுவரைப் பாருங்கள். ராஜராஜ சோழன் அந்தக் கோயிலில் ஆடல் பாடலுக்கு அமர்த்திய 400 பெண்டிரின் பெயரையும் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று சம்பளமும் வெட்டியிருக்கிறது. ஒருவர் இறந்துபோனால் அந்த இடத்துக்கு யார் வர வேண்டும் என்பதும் வெட்டியிருக்கிறது. கணக்கர், தையற்காரர், தட்டார், மேளக்காரர் ஆகியோருக்குரிய பங்கும் அப்படியே. பெயர், வேலை, சம்பளம், வாரிசு! இன்றைய நியமனக் கடிதத்தில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆயிரம் வருஷத்துக்கு முன் உளியால் செய்த காரியத்தை நாம் பேனாவால் செய்யச் சோம்பல் படலாமா?

பத்துக்குக் குறைவான ஆட்கள் உள்ள கடைக்குச் சட்டப்படி இந்தக் கடிதக் கட்டாயம் இல்லை. ஆனால் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை!

பாதிக்குப் பாதி

மாதச் சம்பளக்காரர்களுக்கு முக்கியமான மாறுதல் ஒன்று. சில நிர்வாகங்களில் ஒரு சாமர்த்தியம் செய்வார்கள். அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாக வைத்து, வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி என்று படிகளைப் பெரியதாக வைத்துவிடுவார்கள். மொத்தம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் பணிக்கொடை கணக்குப் போடும்போது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே கணக்கில் வரும், தொகை சுருங்கிவிடும்.

இப்போது சட்டம், படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த அதிகப்படியைச் சம்பளத்தோடு சேர் என்கிறது. ஓர் உதாரணம்: மொத்தம் மாதம் 20,000 ரூபாய். அடிப்படையும் பஞ்சப்படியும் 8,000. மற்றப் படிகள் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி என்பது 10,000. படிகளில் 2,000 அதிகம். அதைச் சேர்த்தால் சட்டத்தின் கண்ணில் சம்பளம் 10,000 ஆகிறது. பத்து வருஷம் வேலை செய்தவருக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம், மாதத்தை 26 நாளாக வைத்துப் பணிக்கொடை கணக்குப் போட்டால், 8,000 கணக்கில் 46,154 ரூபாய். 10,000 கணக்கில் 57,692 ரூபாய். பதினோராயிரத்துச் சொச்சம் வித்தியாசம். ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

பணிக்கொடைக்கு வழக்கமாக ஐந்து வருஷச் சேவை வேண்டும். இத்தனை மாதம், இத்தனை வருஷம் என்று காலக்கெடுவோடு நியமித்த ஆட்களுக்கு இப்போது ஒரு வருஷமே போதும். சம்பளத்தோடு கூடிய வருஷ லீவுக்கு முன்பு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இப்போது 180 நாள். இந்த நாட்களையும் யாராவது எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா?

முன்பணம் என்னும் முள்

நம் பக்கத்துத் தொழில்களில் முன்பணம் ஒரு பெரிய விஷயம். கஷ்டகாலத்தில் கை கொடுப்பதும் அதுதான். கையைக் கட்டிப் போடுவதும் அதுதான். முன்பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து, அந்தத் தவணைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆளும் அவர் பெண்டாட்டி பிள்ளைகளும் மீதிப் பாதியில் சாப்பிட வேண்டாமா?

கடன் தீராமல் வேறு இடத்துக்குப் போகக் கூடாது என்று ஆளைப் பிடித்து வைப்பது வேறு சங்கதி. அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976ஆம் வருஷத்துச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. கடன் இருந்தால் கடனைக் கேட்கலாம். ஆளை அடகு வாங்க முடியாது. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம், பாக்கி எவ்வளவு என்பதை இருவர் கையெழுத்தோடும் எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும். எழுதாத முன்பணம் எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது கடன் வாங்கியவர்களுக்கெல்லாம் தெரியும்.

வரிக்காரரும் அதையே கேட்கிறார்

தொழிலாளர் இலாகாவை விட்டு வருமான வரி இலாகாவுக்குப் போனால் அங்கேயும் இதே பாட்டுத்தான். 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் வருஷத்துச் சட்டம் வந்திருக்கிறது. அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1. பிரிவுகள் 819லிருந்து 536 ஆகக் குறைந்திருக்கின்றன. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று நம்மைக் குழப்பிய இரட்டையர் போய், 'வரி ஆண்டு' என்று ஒருவரே நிற்கிறார்.

ஆள் வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. இரண்டும் பழைய சட்டத்திலிருந்து புதியதற்குத் தொடர்கின்றன.

ஒன்று, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வியாபாரச் செலவு என்று கழிக்க முடியாது. லாரிக்காரருக்கு மட்டும் 35,000 வரை. விளைவித்த விவசாயியிடமே நேராக வாங்கும் விளைபொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே தோட்டக்காரரிடம் தார் வாங்குகிறவர் தைரியமாக இருக்கலாம். ஆனால் வாரக் கடைசியில் இருபது ஆள் கூலியையும் மொத்தமாக மேஸ்திரி கையில் ரொக்கமாகத் திணிக்கிறவர் யோசிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் தனித்தனியே கொடுத்து, கையெழுத்து வாங்கினால் வரிக்கும் நல்லது. கூலி முழுவதும் உரியவர் கைக்குப் போனதா என்ற சந்தேகமும் இராது.

இரண்டாவது, சிறு தொழில்காரரின் பாக்கி. முசிறிப் பக்கத்தில் கோரைப் பாய் நெய்கிறவர் ஒருவர் உத்யம் பதிவு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் பாய் வாங்கிய பெரிய வியாபாரி எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளைக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்டபடி. ஆனால் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பணத்தை என்று கொடுக்கிறாரோ அந்த வருஷக் கணக்கில்தான் செலவாகக் கழிக்கலாம். 2024 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்த விதி இது. பாய்க்காரருக்கு வேளாவேளைக்குப் பணம் வந்தால்தானே அவர் தம் தறிக்காரருக்குச் சனிக்கிழமை கூலி கொடுப்பார்? இங்கேயும் பாருங்கள், எழுதினவருக்கு 45 நாள், எழுதாதவருக்கு 15!

கடைக்குப் பதிவு, காலுக்கு ஓய்வு

நம் மாநிலச் சட்டத்துக்கும் வருவோம். 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தம் 2025 ஜூலை 2இல் அமலாயிற்று. பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற கடைகளும் நிறுவனங்களும் தொழிலாளர் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அதே சட்டத்தில் 2021இல் இன்னொரு திருத்தம் வந்தது. கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை போட வேண்டும் என்பது அது. திருச்சி என்.எஸ்.பி. சாலை ஜவுளிக் கடைகளில் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறீர்கள். ஐம்பது புடவையை விரித்துக் காட்டுகிற பெண், காலையிலிருந்து எத்தனை மணி நேரமாக நிற்கிறாள் என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். அடுத்த தடவை போகும்போது அவளுக்கு முக்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை கேளுங்கள். சட்டப் புத்தகத்தை விட, வாடிக்கைக்காரர் கேட்கும் கேள்விக்குக் கடை முதலாளி சீக்கிரம் பணிவார்!

மறு பக்கம்

எல்லாம் தொழிலாளிக்கு லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். மின்சாரம் உள்ள பட்டறையில் முன்பு 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆயிற்று. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேரிலிருந்து 50 பேருக்குப் போய்விட்டன. ஆட்குறைப்புச் செய்யவோ ஆலையை மூடவோ சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேர் உள்ள ஆலைக்கே உண்டு; இப்போது 300 பேர் இருந்தால்தான். வேலை நிறுத்தத்துக்கு எல்லாத் தொழில்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

முதலாளிகள் இதைத் தளர்வு என்று வரவேற்கிறார்கள். தொழிற்சங்கங்கள் இதைப் பறிப்பு என்கின்றன. இந்தத் தொகுப்புகளை எதிர்த்து 2025 ஜூலை 9ஆம் தேதி மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடெங்கும் பொது வேலை நிறுத்தம் செய்தன. தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைத் திருத்தம் ஒன்று சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது நினைவிருக்கலாம்.

யார் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்வதை விட ஒன்றைக் கவனிப்பது நல்லது. அரிசி ஆலை, பாய்ப் பட்டறை போன்ற நடுத்தர இடங்களில் பழைய பாதுகாப்பு வேலி கொஞ்சம் விலகியிருக்கிறது. வேலி விலகிய இடத்தில் தொழிலாளிக்கு மிஞ்சுகிற காவல், அவர் கையிலுள்ள காகிதம்தான். ஆகவே அந்தக் காகிதத்தை இன்னும் விடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

சட்டம் டில்லியில் பிறந்தாலும், நம் ஊர்க் கடைக்கும் ஆலைக்கும் உரிய நுணுக்க விதிகள் மாநில சர்க்காருடையவை. ஆகவே எந்தப் படிவம், எந்தப் பதிவேடு என்பதைத் திருச்சியிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்திலோ, உங்கள் ஆடிட்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக இன்றைக்கே செய்யக்கூடியதைத் தள்ளிப் போட வேண்டாம்.

ஒரு நீளமான நோட்டு. தேதி, பெயர், என்ன வேலை, எத்தனை நாள் அல்லது எத்தனை மணி, கொடுத்த தொகை, முன்பணத்தில் பிடித்தது, பாக்கி, கையெழுத்து. எட்டே எட்டு பத்தி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்க வேண்டும். வாசித்துக் காட்டாமல் வாங்கிய கைநாட்டு நியாயத்தின் முன் செல்லாது. மனசாட்சியின் முன்னும் செல்லாது. அதே கணக்கைச் சின்னச் சீட்டில் எழுதி அவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண்ணோ பிள்ளையோ இருந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கலாம். ஒரு குடும்பம் என்ன கூலியில் நடக்கிறது என்பதை எந்தப் பாடப் புத்தகத்தையும் விட அந்த நோட்டு அவர்களுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

"இத்தனை நாள் பழகிவிட்டு, இப்போது கையெழுத்துக் கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்ள மாட்டானா?" என்று சில முதலாளிகள் தயங்குவார்கள். "சீட்டுக் கேட்டால் முதலாளி கோபித்துக்கொள்வாரோ?" என்று தொழிலாளியும் தயங்குவார். கல்யாணத்தில் மொய் எழுதுகிறோமே, சந்தேகப்பட்டா எழுதுகிறோம்? உறவு நீடிக்க வேண்டும் என்றுதானே எழுதுகிறோம்!

மேட்டூர் அணைக்கு வருகிற தண்ணீரையும், அங்கிருந்து போகிற தண்ணீரையும் நாள் தவறாமல் கன அடிக் கணக்கில் எழுதி வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பாயும் கரையில் வேர்வை சிந்துகிறவரின் கூலியை எழுதி வைக்க நமக்கு ஒரு நோட்டும் ஒரு பேனாவும் கிடைக்காமலா போகும்?